வயிற்றுவலிக்கு மெஸ்ஸைத் திட்டுவதற்கு முன்

எங்கள் விடுதியில் யாருக்கு வயிறு வலித்தாலும் முதல் பழி மெஸ் மாஸ்டர் மேல்தான் விழும். "சோடா உப்பு போடுறாங்க மேடம்", "பழைய எண்ணெய் மேடம்", "அந்தக் குருமா சாப்பிட்டதுல இருந்துதான்." துணைக் காப்பாளராகப் பொறுப்பேற்றதிலிருந்து இந்தப் புகார் வராத வாரம் கிடையாது. எண்ணெய் விஷயத்தில் பிள்ளைகள் சொல்வதில் நியாயம் உண்டு, அதற்காக மெஸ் கமிட்டியில் நானும் சண்டை போட்டிருக்கிறேன். ஒருநாள் வாந்தி, வயிற்றுப்போக்கு என்றால் சந்தேகத்தை அந்தப் பக்கம் திருப்பலாம். ஆனால் மேல்வயிறு எரிகிறது, நடுராத்திரி எழுப்பிவிடுகிறது என்று மாதக்கணக்கில் இழுக்கும் வலி வேறு சங்கதி. இரைப்பையில் குடியிருக்கும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி அதற்குக் காரணமாக இருக்கலாம், அது அந்தப் பெண் பால்வாடிக்குப் போன வயதிலேயே ஒட்டியிருக்கலாம்.

நான் டாக்டர் இல்லை, கணிதம் படித்தவள். ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது எனக்கே இந்த வியாதி வந்தது. அப்போது தெரிந்துகொண்டதும், இப்போது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஓபி வரிசையில் நின்று தெரிந்துகொண்டதும்தான் கீழே இருப்பவை.

எனக்கு வலி வந்த விதம் விசித்திரமாக இருந்தது. சாப்பிட்டால் அடங்கும், வயிறு காலியானால் ஆரம்பிக்கும். ராத்திரி ஒரு மணி, இரண்டு மணிக்கு நெஞ்சுக்குழிக்குக் கீழே யாரோ விரலை வைத்துத் திருகுவதைப் போல ஒரு வலி எழுப்பிவிடும். மேரி பிஸ்கட் பாக்கெட் தலைமாட்டில் இல்லாமல் படுக்கவே மாட்டேன். நாலு பிஸ்கட் தின்று தண்ணீர் குடித்தால் கொஞ்ச நேரத்தில் தூக்கம் வந்துவிடும். "ராத்திரியில என்னடி கொறிச்சுக்கிட்டே இருக்க?" என்று ரூம்மேட் திட்டுவாள். முனைவர் பட்ட டென்ஷன், நேரத்துக்குச் சாப்பிடாதது, டீ அதிகம் என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். மருந்துக்கடை அண்ணன் காரணமே கேட்கவில்லை. "கேஸ் மாத்திரையா? இந்தாங்க" என்று அமிலத்தைக் குறைக்கும் பேன்டோபிரசோல் மாத்திரை ஒரு அட்டை கொடுத்தார். போட்டால் கேட்கும், நிறுத்தினால் திரும்பும். பல்கலைக்கழகத்தைச் சுற்றியுள்ள கடைகளில் மூக்கடைப்பு மருந்துக்கு அடுத்து அதிகம் விற்பது இந்த அட்டையாகத்தான் இருக்கும்.

கடைசியில் பார்த்த டாக்டர் என் வயிற்றைத் தொடுவதற்கு முன்பே கேட்டது இதுதான்: "ராத்திரி எழுப்புதாம்மா? ஏதாவது சாப்பிட்டா அடங்குதா?" இரைப்பையை அடுத்த முன்சிறுகுடலில் புண் இருப்பவர்களுக்கு அடிக்கடி வரும் வலியின் போக்கு இது. ஸ்கோப், அதாவது கேமரா வைத்த குழாயை வாய் வழியாக விட்டு உள்ளே பார்க்கும் எண்டோஸ்கோப்பி, பார்த்துவிடலாம் என்று எழுதிக் கொடுத்தார்.

எண்டோஸ்கோப்பி என்றாலே பிள்ளைகள் அலறுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வெறும் வயிற்றோடு போகவேண்டும். தொண்டையில் மரத்துப்போகும் ஸ்ப்ரே அடிப்பார்கள். கசக்கும், எச்சில் விழுங்குவது மறந்துபோன மாதிரி இருக்கும். இடது பக்கமாகப் படுக்கவைத்துப் பற்களுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் வளையம் வைப்பார்கள். குழாய் தொண்டையைத் தாண்டும் அந்தச் சில நொடிகள்தான் கஷ்டம், குமட்டும், கண்ணில் நீர் வரும். அப்புறம் மூக்கால் நிதானமாக மூச்சு விட்டுக்கொண்டு கிடந்தால் சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. பரிசோதனைக்காக இரைப்பைச் சதையில் துளி கிள்ளி எடுப்பது வலிக்கவே இல்லை.

அப்படிக் கிள்ளிய துணுக்கை சிஸ்டர் ஒரு சின்ன மஞ்சள் நிற ஜெல்லுக்குள் அமுக்கி, மேசை ஓரத்தில் வைத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிடப் போனார். நான் வெளி பெஞ்சிலிருந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். துணுக்கைச் சுற்றி முதலில் லேசாக ரோஜா நிறம் படர்ந்தது. கொஞ்ச நேரத்தில் மஞ்சளே இல்லாமல் முழுக்க அடர் இளஞ்சிவப்பு. சிஸ்டர் திரும்பி வந்து எட்டிப் பார்த்து, "பாசிட்டிவ்" என்று நோட்டில் எழுதினார். அவ்வளவுதான் பரிசோதனை. ஹெலிகோபாக்டர் பைலோரி ஒரு திருகு வடிவக் கிருமி, அது யூரியேஸ் என்ற நொதியைச் சுரக்கிறது. அது யூரியாவை உடைத்து அமோனியா உண்டாக்கும். அமோனியா காரம், ஆகவே ஜெல்லில் இருக்கும் நிறங்காட்டி மாறுகிறது. இரைப்பைக்குள் அவ்வளவு அமிலத்தில் அந்தக் கிருமி உயிரோடு இருப்பதும் இதே அமோனியாவைத் தன்னைச் சுற்றி வைத்துக்கொண்டுதான். கிருமி தப்பிப்பதற்குப் பயன்படுத்தும் அதே வித்தையை வைத்து அதைப் பிடிக்கிறார்கள். எனக்கு அன்று வலியை மீறி ஒரு சந்தோஷம் வந்தது என்றால் இதைப் பார்த்துத்தான்.

என் அம்மாவின் அப்பாவுக்கு 1970களில் அல்சர் ஆபரேஷன் நடந்தது. நெஞ்சுக்குழியிலிருந்து தொப்புள் வரை நேர்கோட்டில் தழும்பு. இரைப்பைக்குப் போகும் நரம்பை வெட்டி அமிலச் சுரப்பைக் குறைத்து, இரைப்பையைச் சிறுகுடலோடு நேராக இணைத்துவிடும் ஆபரேஷன் அது. அந்தத் தலைமுறையில் அந்தத் தழும்போடு எத்தனையோ பேரைப் பார்க்கலாம். "கோபக்காரன், பச்சை மிளகாயைக் கடிச்சுக்கிட்டுக் கஞ்சி குடிப்பான், அதான் குடல் வெந்துபோச்சு" என்று ஊரே காரணம் சொன்னது. டாக்டர்களும் அப்போது கிட்டத்தட்ட அதையேதான் சொன்னார்கள். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் இந்தக் கிருமியை வளர்த்துக் காட்டியது 1982இல். ஈஸ்டர் விடுமுறையில் கிருமி வளர்க்கும் தட்டுகள் வழக்கத்தைவிடக் கூடுதல் நாள் அடைகாப்பானில் கிடந்ததால்தான் அது வளர்ந்து கண்ணில் பட்டது. யாரும் நம்பவில்லை என்று 1984இல் மார்ஷல் கிருமிக் கரைசலைத் தானே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு. தாத்தா இருபது வருடம் தள்ளிப் பிறந்திருந்தால் இரண்டு வார மாத்திரையோடு அவர் கதை முடிந்திருக்கலாம்.

சரி, இது எவ்வளவு பரவலானது? உலக மக்களில் ஏறத்தாழ பாதிப் பேருடைய வயிற்றில் இது இருக்கிறது என்று நெடுங்காலமாகச் சொல்லப்படுகிறது. இப்போது பல நாடுகளில் குறைந்து வருகிறது. இந்தியாவில் பெரியவர்களிடம் பார்த்த பல ஆய்வுகளில் பாதிக்கு மேல் வருகிறது. ஆகவே முந்நூறு பேர் இருக்கும் என் விடுதியில் நூறு, நூற்றைம்பது பேருக்கு இருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். அதில் பெரும்பாலானவர்களுக்கு இப்படி ஒன்று உள்ளே இருப்பது ஆயுசுக்கும் தெரியாது. கிருமி உள்ளவர்களில் பத்தில் ஒருவருக்கு, அல்லது சற்றுக் கூடுதலானவர்களுக்கு, வாழ்நாளில் எப்போதாவது புண் வரும். நூற்றில் ஒன்றிலிருந்து மூன்று பேருக்கு இரைப்பைப் புற்றுநோய் வரலாம். அதனால்தான் 1994இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இதைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் வகையில் சேர்த்தது.

ஆனால் இது விடுதியில் பிடிப்பதல்ல. பெரும்பாலும் சின்ன வயதில், வீட்டுக்குள்ளேயே ஒட்டிக்கொள்கிறது. நெருக்கமான வீடு, சுத்தமில்லாத தண்ணீர், சரியில்லாத கழிப்பறை, ஒரே பாயில் ஐந்தாறு பேர். முறுக்கைக் கடித்து மென்று குழந்தை வாயில் ஊட்டும் பழக்கமும் ஒரு வழியாக இருக்கலாம். ஜப்பானில் இரண்டாம் உலகப் போருக்கு முன் பிறந்தவர்களிடம் மிக அதிகம், இன்றைய கல்லூரி வயதினரிடம் மிகக் குறைவு. நடுவில் மாறியது தண்ணீர், கழிப்பறை, வீட்டின் அளவு. ஆக, மாணவர்களிடம் இந்தக் கிருமி எவ்வளவு என்று எண்ணினால் அவர்கள் படிக்கும் பல்கலைக்கழகத்தைப் பற்றி அதிகம் தெரியாது, பதினைந்து இருபது வருடத்துக்கு முன் அவர்கள் வளர்ந்த வீடு எப்படி இருந்தது என்பதுதான் தெரியும்.

இதைப் பெற்றோரிடம் சொன்னால் கோபம் வருகிறது. போன வருடம் ஒரு இரண்டாம் ஆண்டு மாணவி ஏதோ தள்ளுபடி என்று ஃபுல் பாடி செக்கப் எடுத்தாள். ரிப்போர்ட்டில் ஹெச். பைலோரி எதிர்ப்பொருள், அதாவது இந்தக் கிருமியை எதிர்க்க உடம்பு ரத்தத்தில் உண்டாக்கும் பொருள், பாசிட்டிவ் என்று சிவப்பில் இருந்தது. அவளுக்கு வயிற்றில் ஒரு தொந்தரவும் இல்லை. போனில் தேடியிருக்கிறாள், புற்றுநோய் என்று வந்திருக்கிறது, ராத்திரி முழுக்க அழுகை. மறுநாள் ரூம்மேட் இரண்டு பேர் அறை மாற்றித் தரச் சொல்லி என்னிடம் வந்தார்கள். அவள் அப்பா போனில், "உங்க ஹாஸ்டலுக்கு வந்துதான் மேடம் எம்புள்ளைக்கு இது வந்துச்சு" என்றார். நான் சத்தம் போடாமல், அந்த ரத்தப் பரிசோதனை எப்போதோ இருந்த கிருமிக்கும் பாசிட்டிவ் காட்டும், இப்போது இருக்கிறதா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது என்று விளக்கினேன். அறையெல்லாம் மாற்றவில்லை. ஒரே தட்டில் சாப்பிடுவதை, ஒருவர் வாய் வைத்த பாட்டிலில் இன்னொருவர் குடிப்பதைக் குறைத்துக்கொள்ளுங்கள், கழிப்பறை போய்வந்து சோப்பு போடுங்கள் என்று மட்டும் சொன்னேன். இது யாராக இருந்தாலும் செய்ய வேண்டியதுதானே.

இப்போது இருக்கிறதா என்று அறிய மூன்று வழிகள். ஒன்று ஸ்கோப். இன்னொன்று மலத்தில் ஆன்டிஜென், அதாவது கிருமியின் உடல் துணுக்கு, இருக்கிறதா என்று பார்ப்பது. மூன்றாவது ஊதும் பரிசோதனை. குறியிட்ட கார்பன் கொண்ட யூரியாவை விழுங்கிவிட்டுப் பையில் மூச்சை ஊத வேண்டும். கிருமி இருந்தால் யூரியா உடைந்து, அந்தக் கார்பன் மூச்சில் வெளியே வரும். இளம் வயது, அபாய அறிகுறி எதுவும் இல்லை என்றால் பின்னிரண்டில் ஒன்று போதும் என்று டாக்டர் சொல்லலாம். இதில் விடுதிப் பிள்ளைகள் விழும் பள்ளம் ஒன்று உண்டு. பேன்டோபிரசோல், ஒமெப்ரசோல், ரபெப்ரசோல் வகையில் எது சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் கிருமி தற்காலிகமாக அடங்கிப்போய், இருந்தும் இல்லை என்று முடிவு வரும். பரிசோதனைக்கு முன் இரண்டு வாரம் அதை நிறுத்தியிருக்க வேண்டும். ஆன்டிபயாடிக் என்றால் நான்கு வாரம். அதனால் டாக்டரிடம் போகும்போது, கடையில் வாங்கிப் போட்ட அட்டையையும் கையோடு எடுத்துப் போகச் சொல்கிறேன். "மாத்திரை எதுவும் சாப்பிடல டாக்டர்" என்று பிள்ளைகள் சொல்வது பொய் இல்லை. கேஸ் மாத்திரையை யாரும் மாத்திரைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

பெண்கள் விடுதி என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாதவிடாய் வலிக்கு மெஃபனமிக் அமிலம் உள்ள மாத்திரையைக் கல்கண்டு பகிர்வதைப் போலப் பகிர்ந்துகொள்கிறார்கள், அதுவும் காலையில் வெறும் வயிற்றில். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் எல்லாம் இதே குடும்பம். இவை தனியாகவே புண் உண்டாக்கும், கிருமியும் கூட இருந்தால் ஆபத்து கூடும். மேல்வயிற்று வலிக்கே டைக்ளோஃபெனாக் ஊசி போட்டுக்கொண்டு வந்த பிள்ளையும் உண்டு. அப்புறம் ரத்தசோகை. எங்கள் பிள்ளைகளில் பலருக்கு ஹீமோகுளோபின் குறைவு. பெரும்பாலும் மாதவிடாயும் சாப்பாடும்தான் காரணம். ஆனால் இரும்புச்சத்து மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டும் ஏறவே மாட்டேன் என்கிறது என்றால், காரணம் வேறு எதுவும் தெரியவில்லை என்றால், இந்தக் கிருமியையும் பார்க்கச் சொல்லி டாக்டரிடம் கேட்கலாம்.

சிகிச்சைக்கு வருகிறேன். எனக்குக் கொடுத்தது நால்வகை மருந்து: அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை, பிஸ்மத், டெட்ராசைக்ளின், மெட்ரோனிடசோல். 14 நாள். கிளாரித்ரோமைசின், அமாக்சிசிலின், அமில மாத்திரை என்ற மூவகைச் சிகிச்சையும் உண்டு. எதைக் கொடுப்பது என்பது டாக்டர் வேலை. ஆனால் அவர் சரியாக முடிவெடுக்க, நாம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: இதற்கு முன் என்னென்ன ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருக்கிறோம் என்று.

விடுதியில் தொண்டை கரகரத்தால் அஸித்ரோமைசின் மூன்று மாத்திரை, வயிறு போனால் மெட்ரோனிடசோல் நாலு மாத்திரை. சீட்டே வேண்டாம், கடையில் பெயரைச் சொன்னால் போதும், சில சமயம் பெயர்கூட வேண்டாம். அஸித்ரோமைசினும் கிளாரித்ரோமைசினும் நெருங்கிய சொந்தம். ஒன்றைச் சாப்பிட்டுச் சாப்பிட்டுப் பழக்கிவிட்டால் மற்றதும் இந்தக் கிருமியிடம் எடுபடாமல் போகலாம். மெட்ரோனிடசோலுக்கு அடங்காத கிருமி நம் நாட்டில் ஏற்கெனவே அதிகம். வயிற்றில் சும்மா கிடக்கும் கிருமிக்கு, சளிக்குப் போட்ட மாத்திரை ஒவ்வொன்றும் ஒரு பயிற்சி வகுப்பு. முதல் சிகிச்சை தோற்றால் இரண்டாவது இன்னும் கடினம். அதனால் நான் இப்போது அறைக்கு அறை போய்ச் சண்டை போடுவது காரத்துக்காகவோ காபிக்காகவோ இல்லை, அந்த மூன்று மாத்திரை அட்டைக்காகத்தான். பிள்ளைகளுக்கு இது கெடுபிடியாகத் தெரிகிறது, தெரியட்டும்.

அந்த 14 நாளை விடுதியில் ஓட்டுவது லேசு இல்லை. அமில மாத்திரை சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால், மற்றவை டாக்டர் எழுதிய நேரத்தில். எங்கள் மெஸ் எட்டரைக்கு மூடிவிடும் என்பதால் ஏழரைக்கே முதல் மாத்திரை விழுங்கியிருக்க வேண்டும். அறைச் சுவரில் கட்டம் போட்டு ஒட்டி ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வந்தேன். மெட்ரோனிடசோல் வாயை இரும்பாக்கிவிடும், ரசம், தயிர், டூத்பேஸ்ட் எல்லாம் ஒரே ருசி. அது போடும்போது மது கூடாது, மருந்து முடிந்த பிறகும் சில நாள் கூடாது. பெண்கள் விடுதியில் இதை ஏன் சொல்கிறேன் என்று கேட்காதீர்கள். டெட்ராசைக்ளினைப் பாலோடு, கால்சியம் அல்லது இரும்பு மாத்திரையோடு, ஜெலூசில் மாதிரி மருந்தோடு சேர்த்துப் போட்டால் உடம்பில் சரியாகச் சேராது. நிறையத் தண்ணீரோடு விழுங்கி, உடனே படுக்காமல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உணவுக்குழாயிலேயே ஒட்டிக்கொண்டு புண்ணாக்கும். பிஸ்மத்தால் நாக்கு கறுத்துப்போகும். ரூம்மேட் என் நாக்கை டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "நாவல் பழம் எங்கடி கிடைச்சுது?" என்றாள்.

மலமும் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். ஆனால் பிஸ்மத்தோ இரும்பு மாத்திரையோ சாப்பிடாதபோது தாரைப் போலக் கறுத்து, பிசுபிசுப்பாக, நாற்றத்தோடு போனால் அது உள்ளே ரத்தம் கசிவதாக இருக்கலாம், அன்றே மருத்துவமனைக்குப் போகவேண்டும். ரத்த வாந்தி, காரணமில்லாமல் எடை குறைவது, விழுங்கும்போது அடைப்பது, நிற்காத வாந்தி எல்லாம் அதே அவசரம்தான். இதற்கெல்லாம் விடியட்டும் என்று காத்திருக்காமல் என்னை எழுப்பச் சொல்லியிருக்கிறேன்.

கிருமி போனால் வலி போய்விடுமா? எனக்குப் போய்விட்டது, ஏனென்றால் எனக்கு இருந்தது புண். ஸ்கோப்பில் புண்ணே இல்லாமல் மேல்வயிறு கனக்கிறது, எரிகிறது, இரண்டு வாய் சாப்பிட்டதும் நிறைந்துவிடுகிறது என்று வரும் பிள்ளைகள்தான் அதிகம். அவர்களிடம் கிருமியை ஒழித்தால் பலன் உண்டு, ஆனால் சின்ன அளவுதான். சுமார் பதினான்கு பேருக்குச் சிகிச்சை கொடுத்தால் அதனால் கூடுதலாகக் குணமாவது ஒருவர் என்பதுதான் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கணக்கு. என் மாணவி ஒருத்திக்கு மாத்திரையெல்லாம் முடித்து, கிருமி இல்லை என்று உறுதியான பிறகும் தேர்வு சமயத்தில் வயிறு பிடித்து இழுத்தது. "அப்ப மருந்து வேலை செய்யலையா மேடம்?" என்று கேட்டாள். கிருமி வேலையை மருந்து முடித்துவிட்டது, இது வேறு வேலை என்றேன். காலைச் சாப்பாட்டைத் தவிர்த்துவிட்டு மூன்று டீ குடிக்கும் பழக்கம், பயம், தூக்கமின்மை எல்லாம் வயிற்றைப் பாதிக்கத்தான் செய்யும், புண் உண்டாக்காது என்றாலும். அவளை மறுபடி டாக்டரிடம் அனுப்பினேன், கூடவே கல்லூரி மனநல ஆலோசகரிடமும். ஆலோசகரிடம் போனது அவள் அப்பாவுக்குத் தெரியாது.

மாத்திரை முடித்தவர்கள் பெரும்பாலும் தவிர்த்துவிடுவது மறுபரிசோதனையைத்தான். வலி நின்றதும் யாருக்கும் போகத் தோன்றுவதில்லை. மருந்து முடிந்து குறைந்தது நான்கு வாரம் கழித்து, அமில மாத்திரையையும் இரண்டு வாரம் நிறுத்திவிட்டு, ஊதியோ மலத்திலோ பார்க்க வேண்டும். இதற்கும் ரத்தப் பரிசோதனை உதவாது, கிருமி போன பிறகும் எதிர்ப்பொருள் நீண்ட காலம் பாசிட்டிவ் காட்டிக்கொண்டிருக்கும். நவம்பரில் சிகிச்சை முடிப்பவர்களுக்குப் பொங்கல் விடுமுறையில் ஊருக்குப் போகும்போது சரியாக இருக்கும். நானே தேதி குறித்து அம்மாவின் எண்ணுக்கும் அனுப்பிவிடுவேன். பிள்ளைகள் மறப்பார்கள், அம்மாக்கள் மறப்பதில்லை.

அப்போது அம்மாக்கள் கேட்பது, "நாங்களும் பார்க்கணுமா மேடம்?" என்றுதான். சீனாவில் குடும்பத்தோடு சேர்த்துப் பரிசோதிக்கும் முறையை 2022இல் இருந்து பரிந்துரைக்கிறார்கள். நம் பக்கத்தில் பெரும்பாலும் தொந்தரவு உள்ளவர்கள், முன்பு புண் வந்தவர்கள், வீட்டில் யாருக்காவது இரைப்பைப் புற்றுநோய் இருந்தவர்கள் பார்த்தால் போதும் என்கிறார்கள். சென்னைப் பக்கம் ஆண்களிடம் இரைப்பைப் புற்றுநோய் குறைவாக ஒன்றும் இல்லை, அதனால் அந்தக் கடைசி வகையினர் தள்ளிப்போட வேண்டாம். எங்கள் வீட்டில் அம்மா பல வருடமாகக் கேஸ் டிரபிள் என்று ஓமத்தண்ணீரும் அமில மாத்திரையுமாகக் காலம் ஓட்டியவர். தாத்தா கதையும் இருந்ததால் வற்புறுத்திக் கூட்டிப் போனேன். துணைக்கு வந்த அப்பா, வந்ததற்கு நானும் ஒரு ஊது ஊதிவிடுகிறேன் என்று பணம் கட்டினார். அம்மாவுக்குப் பாசிட்டிவ், இரண்டு வாரம் மருந்து சாப்பிட்டுச் சரியாகிவிட்டது. அப்பாவுக்கு நெகட்டிவ். கல்யாணம் காதுகுத்து எங்கே போனாலும், அம்மா வீட்டு ஆட்கள் இருக்கும் பந்தியாகப் பார்த்து உட்கார்ந்து இன்றைக்கும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.